ரெபரியின் விசில் யார் பக்கம்?

சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை இரண்டு இளம் தோழர்கள் நம்மைத் தேடி வந்தார்கள். ஒருவர் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுகிறவர். மற்றவர் முத்தியால்பேட்டையில் மரப் பட்டறையில் வேலை செய்கிறவர். இருவரும் ஒரே கால்பந்துக் குழுவில் ஆடுகிறார்கள். வந்த வேகத்தைப் பார்த்தால் ஏதோ பட்டறையில் வேலைநிறுத்தம் என்றுதான் நினைத்தோம். விஷயம் அதுவல்ல. பந்தாட்டம்!

அவர்கள் குழுப் பையன் ஒருவன் ஆட்டத்தின் நடுவே ரெபரியின் நெஞ்சில் கை வைத்துத் தள்ளிவிட்டான். இந்தப் பருவம் முழுவதும் அவன் ஆடக் கூடாது என்று தீர்ப்பாகிவிட்டது. தள்ளியது தப்பு என்பதை இருவரும் மறுக்கவில்லை. ஆனால் மூன்று வாரத்துக்கு முன்னால் வேறொரு குழுவின் ஆட்டக்காரரும் இதே காரியத்தைச் செய்தார். அவருக்குக் கிடைத்தது ஓர் எச்சரிக்கை. அந்தக் குழுவுக்குச் சட்டையும் கோப்பையும் வாங்கிக் கொடுக்கிற பிரமுகர் கமிட்டியாருக்கு வேண்டியவராம். பெயர்களையும் மைதானத்தையும் நாம் எழுதப் போவதில்லை. எழுதினால் பிரச்னை அந்த ஒரு மைதானத்தோடு முடிந்துவிட்டதாக மற்றவர்கள் நிம்மதியாகத் தூங்கிவிடுவார்கள்.

"ரெபரியை ஒரு நாள் நன்றாகச் சாத்தினால்தான் தோழர், சரிப்படும்" என்றார் லேத் தோழர்.

"ரெபரி ஊதினால் ஊதியதுதான். கட்டுப்பாடு இல்லாவிட்டால் அது குழுவா, சந்தையா?" என்றார் மரப் பட்டறைத் தோழர்.

இரண்டையும் நாம் ஒப்புக்கொள்ளவில்லை. ஏன் என்பதை அன்று இரவு எட்டு மணி வரை பேசினோம். அந்தப் பேச்சைத்தான் இங்கே எழுதுகிறோம். பந்தாட்டத்தில் நமக்கென்ன வேலை என்று சில தோழர்கள் முகம் சுளிக்கலாம். ஞாயிற்றுக்கிழமை நம் தொழிலாளி எங்கே இருக்கிறான் என்று அவர்கள் உப்பளம் பக்கம் வந்து பார்த்துவிட்டுப் பிறகு முகம் சுளிக்கட்டும்.

பெங்களூரில் நடந்ததை முதலில் எடுத்துக்கொள்வோம். 2023 மார்ச் 3-ந் தேதி. கண்டீரவா மைதானம். இந்தியன் சூப்பர் லீக் போட்டியில் பெங்களூர் அணியும் கேரளா பிளாஸ்டர்ஸ் அணியும் மோதின. தோற்றவர் வெளியே போக வேண்டிய ஆட்டம். தொண்ணூறு நிமிஷமும் கோல் இல்லை. கூடுதல் நேரத்தில் பெங்களூருக்கு ஒரு பிரீ கிக் கிடைத்தது. கேரளாவின் கோல்காவலர் கம்பத்துக்கு அருகே நின்று தம் ஆட்களை வரிசையாக நிறுத்திச் சுவர் கட்டிக்கொண்டிருக்கிறார். சுனில் சேத்ரி பந்தைக் காலி வலைக்குள் தட்டிவிட்டார். ரெபரி கோல் என்றார்!

சட்டம் என்ன சொல்கிறது? எதிரி ஆட்கள் பத்து கஜம், அதாவது 9.15 மீட்டர், தள்ளி நிற்க வேண்டும் என்பது பிரீ கிக் வாங்கியவருக்குச் சட்டம் கொடுத்த உரிமை. அந்த உரிமை வேண்டாம், நான் இப்போதே உதைக்கிறேன் என்று அவர் உதைக்கலாம். அதற்குத் தடை கிடையாது. ஆனால் ரெபரியே தலையிட்டு, தூரம் அளந்து, 'இரு, விசிலுக்குப் பிறகு உதை' என்று சொல்லிவிட்டால், விசில் கேட்கிற வரை பந்தைத் தொடக் கூடாது. விசிலும் வேண்டாம், சுவரும் வேண்டாம் என்று ரெபரியிடம் சொல்லிவிட்டுத்தான் உதைத்தேன் என்றார் சேத்ரி. ரெபரி அளக்க ஆரம்பித்துவிட்டார், ஆகவே நாங்கள் சுவர் கட்டினோம் என்றது கேரளா. ஆக, சண்டை முழுவதும் ஒரே கேள்வியில் நிற்கிறது: அந்தச் சில விநாடிகளில் ரெபரி யாரிடம் என்ன சொன்னார்?

கேரளா அணியின் பயிற்சியாளர் இவான் வுகோமனோவிச் தம் ஆட்களை மைதானத்தை விட்டு வெளியே அழைத்துவிட்டார். அணி திரும்பவில்லை. ரெபரி காத்திருந்து பார்த்துவிட்டு ஆட்டத்தை முடித்தார். வெற்றி பெங்களூருக்குப் போயிற்று. அந்த மாதக் கடைசியில் அகில இந்திய கால்பந்து சம்மேளனத்தின் ஒழுங்கு நடவடிக்கைக் குழு தீர்ப்புச் சொன்னது. அணிக்கு 4 கோடி ரூபாய் அபராதம். பகிரங்க மன்னிப்புக் கேட்காவிட்டால் அது 6 கோடியாகும். பயிற்சியாளருக்குப் பத்து ஆட்டத் தடை, 5 லட்சம் அபராதம். அப்பீல் செய்து பார்த்தார்கள். பலிக்கவில்லை.

வெளிநடப்பை நாம் ஆதரிக்கிறோமா? இல்லை. மைதானத்தில் இருபதினாயிரம் ஜனங்கள் காசு கொடுத்து உட்கார்ந்திருக்கும்போது ஆட்டத்தை விட்டுப் போவது அவர்களைக் கேலி செய்கிற காரியம். தண்டனை வேண்டியதுதான். நம் கேள்வி வேறு. இந்த 4 கோடி என்ற கணக்கு எந்தத் தராசில் நிறுக்கப்பட்டது?

பத்து வருஷம் பின்னால் போவோம். 2012 டிசம்பர் 9-ந் தேதி. கல்கத்தா சால்ட் லேக் மைதானம். மோகன் பகானுக்கும் ஈஸ்ட் பெங்காலுக்கும் ஆட்டம். பகானின் ஒடாஃபாவுக்குச் சிவப்பு அட்டை காட்டினார் ரெபரி. கூட்டம் கொந்தளித்தது. கல் பறந்தது. ரஹீம் நபி என்ற ஆட்டக்காரர் முகத்தில் கல்லடி பட்டு விழுந்தார். இடைவேளைக்குப் பிறகு பகான் அணி மைதானத்துக்குத் திரும்பவில்லை. சம்மேளனம் அந்த மாதமே தீர்ப்புச் சொன்னது: ஐ-லீக் போட்டியிலிருந்து இரண்டு வருஷத் தடை. ஆகா, என்ன கண்டிப்பு என்று எல்லோரும் மூக்கில் விரல் வைத்தார்கள். வைத்த விரலை எடுப்பதற்குள் ஜனவரியில் தடை நீங்கிவிட்டது. பதிலாக 2 கோடி ரூபாய் அபராதம், அதுவரை எடுத்த புள்ளிகள் ரத்து.

மோகன் பகான் சாமான்யமான சங்கம் அல்ல. 1911-ல் வெறுங்காலோடு ஆடி வெள்ளைக்காரப் பட்டாளத்தை வென்ற சங்கம். அந்தப் பெருமைக்கு நாமும் தலை வணங்குவோம். ஆனால் 1911-ன் பெருமை 2013-ன் தண்டனையைக் குறைக்கலாமா? குறைக்கலாம் என்றால் அதைச் சட்டப் புத்தகத்தில் எழுதி வைக்கட்டும்! ஒரே குற்றம். ஒரே சம்மேளனம். ஒரு தடவை இரண்டு வருஷத் தடை; சில வாரத்தில் அது இல்லை. இன்னொரு தடவை தடையே இல்லை, பணம் மட்டும் இரட்டிப்பு. நடுவே என்ன நியாயம் மாறிற்று என்று ஒரு சாதாரண ரசிகன் கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம். அதே கேரளப் பயிற்சியாளர் தடைக்காலம் முடிந்து திரும்பி வந்தார். 2023 நவம்பர் கடைசியில் சென்னையின் எப்.சி.யோடு ஆட்டம் 3-3 என்று சமனாயிற்று. ரெபரிகளின் லட்சணத்தைப் பற்றிப் பத்திரிகைக்காரர்களிடம் குறை சொன்னார். உடனே ஓர் ஆட்டத் தடை, 50 ஆயிரம் அபராதம். குறை சரியா தவறா என்று யாரும் பரிசீலித்ததாகத் தெரியவில்லை. குறை சொன்னதே குற்றம்!

இதைக் கேட்டதும் லேத் தோழருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "பார்த்தீர்களா? எல்லாம் ரெபரி செய்கிற வேலை" என்றார்.

அவசரப்பட வேண்டாம் தோழரே. ரெபரி யார் என்று ஒரு தடவையாவது யோசித்தீர்களா? அவரும் கூலிக்கு வந்தவர். நம் நாட்டில் ரெபரிகளில் பெரும்பாலோர் வாரத்தில் ஐந்து ஆறு நாள் வேறு வேலை பார்த்துவிட்டு, ஓய்வு நாளில் விசிலோடு வருகிறவர்கள். ஆட்டக்காரனுக்குச் சம்பளம் உண்டு. பயிற்சியாளர் உண்டு, வைத்தியர் உண்டு, உடம்பு பிடித்துவிட ஆள் உண்டு. ரெபரிக்கு ஆட்டத்துக்கு இவ்வளவு என்று படி. இங்கிலாந்தில் 2001 முதல் முழுநேரச் சம்பளத்தில் ரெபரிகளை வைத்துக்கொண்டார்கள். வீடியோவைப் பார்த்துத் தவறைத் திருத்துகிற முறை 2018-லேயே உலகக் கால்பந்துச் சட்டத்தில் ஏறிவிட்டது. பெங்களூர் ஆட்டத்தில் ரெபரிக்கு அந்த உதவி இல்லை. கோடிக்கணக்கில் புரளுகிற போட்டியில் ரெபரிக்கு ஒரு திரை வைக்கப் பணமில்லை. ஆனால் அவர் செய்த தீர்ப்பை வீட்டில் உட்கார்ந்தவன் பத்துத் தடவை மெதுவாக ஓட்டிப் பார்க்கத் திரை இருக்கிறது. பழுதான யந்திரத்தைக் கொடுத்துவிட்டு, துணி கிழிந்தால் நெசவுத் தொழிலாளிக்கு அபராதம் போடுகிற மேஸ்திரியை நம் ஆலைக்காரர்கள் பார்க்காதவர்களா?

2023 டிசம்பர் 20-ந் தேதி பம்பாயில் மும்பை சிட்டியும் மோகன் பகானும் ஆடிய ஆட்டத்தில் ஏழு சிவப்பு அட்டை! அந்த மைதானத்தில் ஏழு பேரும் திடீரென்று ராட்சதர்களாகிவிட்டார்களா? முதல் முரட்டுத்தனத்துக்கு என்ன விலை என்று ஆட்டக்காரனுக்குத் தெரியாவிட்டால் அவன் இரண்டாவதைச் செய்து பார்ப்பான். அப்புறம் ரெபரியின் கையில் அட்டையைத் தவிர ஒன்றும் மிஞ்சாது. நம் அபிப்பிராயம் இது.

இந்த வியாதி நம் நாட்டுச் சரக்கு மட்டுமல்ல. கடல் கடந்து ஒரு கதை இருக்கிறது. புதுச்சேரிக்காரர்கள் அதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

கனடாவில் பனிக்கட்டித் தரையில், காலில் கத்தி வைத்த பூட்ஸ் மாட்டிக்கொண்டு ஹாக்கி ஆடுகிறார்கள். ஆட்டமே முரட்டாட்டம். அங்கே மான்ட்ரியல் என்று ஒரு நகரம். பிரெஞ்சு பேசுகிற நகரம். நம் ஊர்ப் பெரியவர்கள் உச்சரித்தால் 'மோன்ரெயால்' என்பார்கள். அந்த ஊர் அணியின் சிங்கம் மோரீஸ் ரிஷார். ரயில்வே பட்டறைத் தொழிலாளியின் மகன். 1944-45 பருவத்தில் 50 ஆட்டத்தில் 50 கோல் போட்டவர். பிரெஞ்சு பேசும் தொழிலாளி வீடுகளில் சாமி படத்துக்குப் பக்கத்தில் அவர் படம் என்று சொல்வார்கள். ஆனால் லீக் யார் கையில்? ஆங்கிலம் பேசுகிற முதலாளிகள் கையில். தலைவர் கிளாரன்ஸ் கேம்பெல் என்ற வக்கீல். குற்றம் சாட்டுகிறவரும் அவரே, விசாரிக்கிறவரும் அவரே, தண்டிக்கிறவரும் அவரே.

ரிஷார் ஒரு பிரெஞ்சு வாரப் பத்திரிகையில் பத்தி எழுதிக்கொண்டிருந்தார். பிரெஞ்சு ஆட்டக்காரர்களுக்கு ஒரு நீதி, மற்றவர்களுக்கு ஒரு நீதி என்று கேம்பெலைத் தாக்கி எழுதினார். 1954-ல் என்ன செய்தார்கள் தெரியுமா? பத்தியை நிறுத்தச் செய்து, நன்னடத்தைக்கு 1,000 டாலர் ஜாமீனும் கட்டச் சொன்னார்கள். பேனாவுக்கும் சிவப்பு அட்டை!

1955 மார்ச் 13-ந் தேதி பாஸ்டன் நகரத்தில் ஆட்டம். எதிரி அணிக்காரர் ஹாக்கி மட்டையால் ரிஷாரின் தலையைப் பிளந்தார். ரிஷார் திருப்பி மட்டையால் அடித்தார். தடுக்க வந்த கோட்டு நடுவரையும் குத்திவிட்டார். அது குற்றந்தான், நடுவர் மேல் கை வைத்தவரை நாம் புனிதராக்கப் போவதில்லை. ஆனால் சில மாதத்துக்கு முன்பு டொரொன்டோவில் இதே ரிஷார் ஒரு கோட்டு நடுவரை அறைந்தபோது விதித்தது வெறும் 250 டாலர் அபராதம். இந்தத் தடவை கேம்பெல் மிச்சமிருந்த ஆட்டங்களிலிருந்தும், அடுத்து வந்த கோப்பைப் போட்டி முழுவதிலிருந்தும் தள்ளி வைத்துவிட்டார்.

நம் ஊரில் 1954 நவம்பர் 1-ந் தேதி பிரெஞ்சுக் கொடி இறங்கி அப்போது நாலரை மாதம். மார்ச் 17-ந் தேதி மான்ட்ரியலில் கேம்பெல் தைரியமாக ஆட்டம் பார்க்க வந்து உட்கார்ந்தார். தக்காளி, முட்டை, கடைசியில் கண்ணீர்ப்புகைக் குண்டு! ஆட்டம் நின்றது. ஜனங்கள் வீதியில் இறங்கிக் கடைக் கண்ணாடிகளை நொறுக்கினார்கள். மறுநாள் ரிஷாரே ரேடியோவில் பேசி, அமைதியாக இருங்கள், தண்டனையை ஏற்றுக்கொள்கிறேன் என்று கேட்டுக்கொண்ட பிறகுதான் ஊர் அடங்கிற்று. அந்த வருஷக் கோப்பை மான்ட்ரியலுக்குக் கிடைக்கவில்லை. ஓர் ஆட்டக்காரனின் தடைக்காக ஊரே எரிந்ததா என்று கேட்பவர்கள் உண்டு. அந்தத் தடைக்குப் பின்னால் வேலையிலும் சம்பளத்திலும் பேச்சிலும் இரண்டாந்தரமாக நடத்தப்பட்ட ஒரு ஜனத்தின் நெடுநாள் ஆத்திரம் கிடந்தது. அளவுகோல் ஒன்றாக இருந்திருந்தால் தடை எவ்வளவு கடுமையாக இருந்தாலும் ஊர் பொறுத்திருக்கும்.

அந்த லீக் பாடம் படித்துக்கொண்டதா? 2021 மே 3-ந் தேதி வாஷிங்டன் அணியின் டாம் வில்சன், நியூயார்க் அணியின் ஆட்டக்காரர்களைத் தரையில் போட்டு மொத்தினார். லீக் விதித்த அபராதம் 5,000 டாலர். ஒப்பந்தப்படி அதற்கு மேல் அபராதம் போட முடியாது. தடை போட்டிருக்கலாம், போடவில்லை. இந்த அதிகாரி பதவிக்கே லாயக்கில்லை என்று நியூயார்க் அணி அறிக்கை விட்டது. அதற்கு லீக் விதித்த அபராதம் 2,50,000 டாலர்! அடித்தவனுக்கு ஐந்தாயிரம்; அடித்தவனை ஏன் கேட்கவில்லை என்றவனுக்கு ஐம்பது மடங்கு. இரண்டு நாள் கழித்து அதே அணிகள் மறுபடி சந்தித்தன. பந்தாக வைத்து ஆடுகிற வட்டு தரையில் விழுந்த மறு விநாடியே கைகலப்பு ஆரம்பமாயிற்று. மேலிடம் தண்டிக்காததைக் கீழே இருப்பவர்கள் தாங்களே தண்டித்துக்கொண்டார்கள்.

அதே 2021 மார்ச்சில் இன்னொரு வேடிக்கை. டிம் பீல் என்ற ரெபரியின் மைக் திறந்திருந்தது. ஆரம்பத்திலேயே நாஷ்வில் அணி மேல் ஒரு தப்பு ஊத வேண்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன், பெரிதாக ஒன்றும் இல்லை என்ற அர்த்தத்தில் அவர் பேசியது ஊருக்கே கேட்டுவிட்டது. லீக் அவரை அத்தோடு வீட்டுக்கு அனுப்பியது. இந்தச் 'சரிக்கட்டும் விசில்' நமக்குப் புதிதா? இந்தப் பக்கம் ஒன்று தவறிவிட்டது, அந்தப் பக்கம் ஒன்று ஊதிச் சமன் செய்துவிடுவோம் என்கிற ரெபரி நம் மைதானங்களிலும் உண்டு. அவர் நல்ல எண்ணத்தோடுதான் செய்கிறார். ஆனால் இரண்டு தப்பான தராசு சேர்ந்து ஒரு சரியான தராசு ஆகாது. பீல் ஒருவரை அனுப்பியதால் அந்தப் பழக்கம் போய்விட்டதா என்பது வேறு விஷயம்.

பணபலம் எங்கே நுழைகிறது என்று பார்க்க நாம் நம் வீட்டையும் பார்த்துக்கொள்ள வேண்டும். 2008 சிட்னி டெஸ்டில் நடுவர் ஸ்டீவ் பக்னரின் தவறுகளால் இந்தியா பாதிக்கப்பட்டது வாஸ்தவம். ஹர்பஜன் சிங்குக்கு விதித்த மூன்று டெஸ்ட் தடை அப்பீலில் வெறும் அபராதமாயிற்று. விசாரித்த நீதிபதியிடம் ஹர்பஜனின் முந்தைய குற்றங்களின் முழுப் பட்டியல் வைக்கப்படவே இல்லை என்பது பிறகு தெரிந்தது. பக்னர் அடுத்த டெஸ்டிலிருந்து விலக்கப்பட்டார். நாம் எல்லோரும் கை தட்டினோம். யோசித்துப் பார்த்தால், ஓர் ஏழை நாட்டுக் கிரிக்கெட் போர்டு முறையிட்டிருந்தால் நடுவரை மாற்றியிருப்பார்களா?

நல்ல உதாரணமும் உண்டு. 2025 ஜூன் 8-ந் தேதி கோயம்புத்தூரில் டி.என்.பி.எல். ஆட்டம். திண்டுக்கல் அணித் தலைவர் அஸ்வினுக்கு எல்.பி.டபிள்யூ. கொடுத்தார் ஒரு பெண் நடுவர். பந்து லெக் ஸ்டம்புக்கு வெளியே விழுந்தது போலத்தான் திரையில் தெரிந்தது. மறுபரிசீலனை கேட்கும் வாய்ப்புகளை அணி முன்பே செலவழித்துவிட்டது. அஸ்வின் நடுவரிடம் வாக்குவாதம் செய்தார். மட்டையால் காலுறையில் ஓங்கி அடித்தார். டெஸ்டில் 537 விக்கெட் எடுத்த மனிதர். தமிழ்நாட்டின் செல்லப் பிள்ளை. ஆனாலும் ஆட்டச் சம்பளத்தில் 30 சதவீதம் பிடித்துவிட்டார்கள்: நடுவரை எதிர்த்ததற்கு 10, சாமான்களைத் துவம்சம் செய்ததற்கு 20. எதற்கு எவ்வளவு என்று கணக்கு தெரிகிறது. தீர்ப்பு தவறாக இருந்தாலும் நடத்தைக்குத் தண்டனை உண்டு என்பதும் தெரிகிறது. பெரிய பெயருக்குத் தள்ளுபடி இல்லை. இதைத்தான் நாம் கேட்கிறோம்.

லேத் தோழரின் 'சாத்தினால் சரிப்படும்' வைத்தியத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2025 டிசம்பரில் நம் புதுச்சேரியிலேயே 19 வயதுக்குட்பட்டோர் கிரிக்கெட் அணியின் பயிற்சியாளர் தலையில் காயத்தோடு போலீசுக்குப் போனார். அணித் தேர்வில் இடம் கிடைக்காத ஆட்டக்காரர்கள் தாக்கினார்கள் என்பது அவர் புகார். வழக்கை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளட்டும். நமக்குத் தெரிவது ஒன்று: அணித் தேர்வில் அநியாயம் நடந்திருந்தாலும்கூட, கை ஓங்கிய நாளோடு அந்த அநியாயத்தைப் பற்றிப் பேச ஆளில்லாமல் போய்விடும். ஊர் ரத்தத்தைப் பற்றித்தான் பேசும்.

சரி, வழி என்ன என்றார்கள் தோழர்கள். ஆலைத் தொழிலாளிக்கு 1946 சட்டம் வந்த காலத்திலிருந்தே நிலையாணைகள் உண்டு. குற்றப்பத்திரிகை கொடுக்க வேண்டும், விளக்கம் கேட்க வேண்டும், விசாரணை வைக்க வேண்டும். 2020-ல் ரோடியர் ஆலையின் கதவையே மூடிவிட்டார்கள். ஆனால் அங்கே வேலை செய்த ஒவ்வொரு பெரியவருக்கும் இந்த மூன்றும் இன்னும் மனப்பாடம். பந்தாட்டக் கமிட்டிக்கு மட்டும் இது ஏன் கூடாது? இந்தக் குற்றத்துக்கு இந்தத் தண்டனை என்று ஒரு பட்டியல். போன வருஷம் யாருக்கு என்ன விதித்தோம் என்று ஒரு நோட்டுப் புத்தகம், எவரும் புரட்டிப் பார்க்கிற மாதிரி. புகார் செய்தவரே தீர்ப்பில் உட்காராமை. கமிட்டியில் ஆட்டக்காரர் பிரதிநிதி ஒருவர், ரெபரிகள் பிரதிநிதி ஒருவர். ரெபரிக்கு அன்றைய படி அன்றைக்கே.

சாயங்காலம் நம் ஊரில் பெத்தாங் ஆடுகிற இடத்தில் போய் நில்லுங்கள். பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன ஆட்டம். இரும்புக் குண்டை உருட்டிச் சின்ன மரக் குண்டுக்குப் பக்கத்தில் நிறுத்த வேண்டும். யார் குண்டு நெருக்கம் என்று தகராறு வந்தால் என்ன செய்கிறார்கள்? நாடாவை எடுத்து அளக்கிறார்கள். இரண்டு பக்கத்து ஆட்களும் குனிந்து பார்க்கிறார்கள். தோற்றவர் முணுமுணுத்துக்கொண்டே அடுத்த ஆட்டத்துக்குக் குண்டைப் பொறுக்குகிறார். அவர் பென்ஷன் வாங்குகிற பழைய சொல்தாவா, மீன் விற்கிறவரா என்று நாடாவுக்குத் தெரியாது.

எட்டு மணிக்கு அங்கேயே உட்கார்ந்து கமிட்டிக்கு ஒரு மனு எழுதினோம். பையன் செய்தது தப்பு என்று முதல் வரி. மூன்று வாரத்துக்கு முந்தைய தீர்ப்பையும் இந்தத் தீர்ப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காரணம் எழுதித் தர வேண்டும் என்று இரண்டாவது வரி. மரப் பட்டறைத் தோழர் முதல் கையெழுத்துப் போட்டார். தள்ளுப்பட்ட ரெபரியிடமும் ஒரு கையெழுத்து வாங்க வேண்டும் என்றோம் நாம். லேத் தோழர் சற்று நேரம் பேனாவைத் திருகிக்கொண்டிருந்தார். "அவர் வீடு லாசுப்பேட்டையில் இருக்கிறது. நானே போய்க் கேட்கிறேன்" என்று சொல்லிவிட்டு மனுவை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.